இரண்டாவது தந்தியில் 3, 4, 5, 4

சின்னம்மாவின் சுருதி ஐந்து கட்டை. எனக்கு நினைவு தெரிந்த நாளில் இருந்து அதே கட்டையில்தான் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறா. இலங்கையில், திருகோணமலையின் திருக்கடலூர்ப் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டு விறாந்தையில், வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் எட்டுப் பத்துப் பிள்ளைகள் பாயில் இருந்து சரளி வரிசை பாடும். அந்த வகுப்பு முடிந்து, கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் ஓய்ந்த பிறகுதான் பின்னறையில் நான் கிட்டாரின் ஒலியைப் பெருக்குகிற அம்ப்பைப் போடுவேன். யாரும் போட்ட சட்டமில்லை, அப்படியே பழகிவிட்டது.

போன வருடம் ஒரு வெள்ளி இரவு, முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தவ சுளகோடு எழும்பி வந்து அறை வாசலில் நின்றா.

"தம்பி, கொஞ்சம் முன்னம் மெதுவா ஒண்டு வாசிச்சாய். அதைத் திரும்ப வாசி."

வாசித்தேன்.

"இப்ப அந்தப் பெரிய சத்தத்தில வாசி."

ஒலியைக் கரகரப்பாக்குகிற பெடலைக் காலால் மிதித்து, அதே நான்கு கோர்ட்டையும் (சில சுரங்களை ஒன்றாக ஒலிக்க வைக்கும் பிடிகள்) அடித்தேன்.

"முதல் வாசிக்கேக்க பஞ்சமத்தில தொடங்கி, தைவதத்துக்கு ஏறி, கடைசியில சுத்த தைவதத்துக்கு இறங்கிச்சு. அந்த இறக்கம் நெஞ்சில பிடிச்சுது. இப்ப வாசிச்சதில அது எங்க போனது?"

இரண்டு மாதமாக நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அதுவரைக்கும் எந்தப் பெடல், எந்த அம்ப், எந்த நொப்பை எவ்வளவு திருப்புவது என்பதிலேயே மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தேன். பாட்டுக்குள் எந்தச் சுரம் தொலையக்கூடாது என்று ஒருநாளும் யோசிக்கவில்லை.

நாங்கள் எடுத்திருந்தது இங்கிலாந்து றொக் குழுவான ரேடியோஹெட்டின் 'க்ரீப்'. 1992இல் வெளிவந்த பாட்டு. முதல் தரம் இங்கிலாந்துப் பட்டியலில் 78ஆம் இடத்தோடு நின்றது. அடுத்த வருடம் திரும்ப வெளியிட்டபோது 7ஆம் இடத்துக்கு வந்தது. ஜி, பி, சி, சி மைனர் என்று நான்கே கோர்ட். தொடக்கத்தில் இருந்து முடிவு வரைக்கும் அந்த நான்கும்தான் சுற்றிச் சுற்றி வரும். நாலு கோர்ட்தானே, ஒரு பின்னேரத்தில் முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தோம். விரலுக்கு அது ஒரு பின்னேர வேலைதான். காதுக்குத்தான் மாதக்கணக்கு எடுத்தது.

எங்கள் குழுவில் நான்கு பேர். பாடுகிற தங்கச்சி உப்புவெளியில் ஒரு விடுதியின் வரவேற்பில் வேலை செய்கிறா. ட்றம்ஸ் அடிக்கிற மச்சான் விடியற்புறம் கடலுக்குப் போய்வருகிறவன். பேஸ் வாசிக்கிற அண்ணா கிண்ணியாவில் படிப்பிக்கிறார். கிட்டார் என்று நான் ஒருவன்தான். ரேடியோஹெட்டில் கிட்டார் பிடிக்கிறவர்கள் மூன்று பேர். இந்தக் கணக்கை நான் முதலிலேயே போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

அந்தப் பாட்டில் அமைதியாக வரும் தனித்தனிச் சுரங்களை எட் ஓ'பிரையன் வாசிக்கிறார். பல்லவிக்கு முன்னால் முடக்கிய தந்திகளில் விழுகிற அந்த முரட்டு அடியும், அதற்குப் பிறகு வரும் உறுமலும் ஜொனி கிரீன்வுட்டுடையவை. பாட்டு மிகவும் அமைதியாக இருப்பது பிடிக்காமல் அவர் வேண்டுமென்றே அப்படி ஓங்கி அடித்தார் என்று அந்தக் குழுவினரே சொல்லியிருக்கிறார்கள். அவர் கையில் இருந்தது லேஸ் சென்சர் பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்னோட்டமாக்கும் பாகம்) பூட்டிய ஃபென்டர் டெலிகாஸ்டர் பிளஸ். காலடியில் மார்ஷல் ஷ்ரெட்மாஸ்டர் என்கிற பெடல். 1990களின் தொடக்கத்தில் வந்த அந்தப் பெடலில் கெயின், பேஸ், கொன்டூர், ட்ரெபிள், வோலியூம் என்று ஐந்து நொப். நான் அந்தப் பெடலைத் தேடி ஆறு கிழமை அலைந்தேன். கொழும்பில் பழைய சாமான் விற்கிறவர்களிடம் விசாரித்தேன். வெளிநாட்டில் இருக்கிற உறவுக்காரரிடம் விலை கேட்டேன். கேட்ட விலைக்கு ஒரு நல்ல கிட்டாரே வாங்கலாம்.

என்னிடம் இருப்பது டெலிகாஸ்டர் அச்சில் செய்த ஒரு மலிவான கிட்டார். சிங்கிள் கொயில் பிக்கப் இரண்டு. எட்டு அங்குல ஸ்பீக்கர் வைத்த 15 வொட் அம்ப் ஒன்று. தோடம்பழ நிறத்தில் போஸ் டிஎஸ்-1 பெடல் ஒன்று. 1978இல் இருந்து அந்த பெடல் விற்பனையில் இருக்கிறது. டோன், லெவல், டிஸ்ட் (கரகரப்பின் அளவு) என்று மூன்றே நொப். இதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று உட்கார்ந்தது, சின்னம்மா அந்தக் கேள்வியைக் கேட்ட பிறகுதான்.

அவ சொன்ன இறக்கத்தை முதலில் கிட்டாரில் தேடினேன். ஐந்து கட்டை என்றால் ஜி. பாட்டின் சுருதியும் ஜி. அதனால்தான் அவவின் காதுக்கு அது உடனே பிடிபட்டது. நான்கு கோர்ட்டையும் பார் பிடித்து, அதாவது ஒரு விரலைத் தந்திகளுக்குக் குறுக்கே படுக்க வைத்து, வாசித்துப் பாருங்கள். கீழிருந்து இரண்டாவது தந்தியை மட்டும் கவனியுங்கள். ஜி-யில் விரல் 3ஆம் ஃப்ரெட்டில் (கிட்டார்க் கழுத்தின் குறுக்கே பதித்த கம்பி) இருக்கும். பி-க்கு 4. சி-க்கு 5. சி மைனருக்குத் திரும்ப 4. ஜி-யை சட்ஜமாக வைத்தால் அது பஞ்சமம், சுத்த தைவதம், சதுஸ்ருதி தைவதம், மறுபடி சுத்த தைவதம். சுத்த தைவதம் சின்னம்மாவின் பிள்ளைகள் மாயாமாளவகௌளையில் முதல் நாளே பாடுகிற சுரம். சதுஸ்ருதி தைவதம் மோகனத்தில் வருகிறது. பாட்டின் மற்ற எல்லாம் இந்த ஒற்றைத் தந்தியின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் சுற்றிக் கட்டிய வீடு போலத்தான் எனக்கு இப்போது கேட்கிறது. மூன்றாவது கோர்ட்டில் மேலே வந்து நின்ற மனசு நான்காவதில் அரைப்படி சறுக்குகிறது. அதற்கு ஒரு விரல் ஒரு ஃப்ரெட் பின்னால் வந்தால் போதும். 329.6 ஹேர்ட்ஸில் (விநாடிக்கு அத்தனை அதிர்வு) இருந்து 311.1 ஹேர்ட்ஸுக்கு, வெறும் பதினெட்டரை ஹேர்ட்ஸ்.

அந்தப் பதினெட்டரை ஹேர்ட்ஸைத்தான் என் பெடல் விழுங்கிக்கொண்டிருந்தது.

ஏன் விழுங்கியது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எனக்கு எல்லாம் வெளித்தது இந்த இடத்தில்தான். டிஸ்டோர்ஷன் பெடல் செய்கிற வேலை, ஒலியலையின் மேட்டையும் பள்ளத்தையும் வெட்டி மட்டப்படுத்துவது. வெட்டும்போது புதிய ஒலிகள் பிறக்கின்றன. ஒரே ஒரு சுரத்தை வாசித்தால் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மேலே அடுக்கடுக்காகக் கிளம்பும். அது இனிமையான உறுமல். இரண்டு சுரங்களை ஒன்றாக வாசித்தால் அவற்றின் கூட்டல் ஒலியும் கழித்தல் ஒலியும் சேர்ந்து வரும். சட்ஜமும் பஞ்சமமும் சேர்ந்தால் பிரச்சினை இல்லை. 130.8 ஹேர்ட்ஸ் சி-யையும் 196 ஹேர்ட்ஸ் ஜி-யையும் சேர்த்தால் கழித்தல் 65 ஹேர்ட்ஸ் வரும்; அது ஒரு ஸ்தாயி கீழே இருக்கிற சி. கோர்ட்டுக்கு அது அத்திவாரம் போட்ட மாதிரி. றொக் வாசிக்கிறவர்கள் நடுச்சுரத்தை விட்டுவிட்டு இந்த இரண்டை மட்டும் பவர் கோர்ட்டாகப் பிடிப்பது இதனால்தான்.

ஆனால் சி மைனரில் எங்களுக்கு வேண்டியதே அந்த நடுச்சுரம். 261.6 ஹேர்ட்ஸ் சி-யோடு 311.1 ஹேர்ட்ஸ் சேரும்போது கழித்தல் 49.5 ஹேர்ட்ஸ். அது கோர்ட்டில் உள்ள எந்தச் சுரத்தோடும் சரியாகப் பொருந்தாது. அடியில் சேறு மாதிரிக் கிடக்கும். எங்கள் நாட்டுக் கறண்ட் 50 ஹேர்ட்ஸ் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். சிங்கிள் கொயில் பிக்கப்பின் இரைச்சலும் அதற்குப் பக்கத்திலேயே வந்து குந்திவிடும். டிஸ்ட் நொப்பைக் கூட்டக் கூட்ட இந்தச் சேறு கூடும், தைவதம் மூழ்கும். நானோ "இன்னும் பெரிசா வரட்டும்" என்று அந்த நொப்பைத்தான் கூட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு, மத்தியானச் சாப்பாடு முடிந்து வீடு உறங்கிய நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தேன். அந்த அறைக்குத் தகரக் கூரை. அம்ப்பைக் கொஞ்சம் கூட்டினாலே தகரம் சேர்ந்து பாடும் என்பதால், சுவரோடு இரண்டு தும்பு மெத்தைகளை நிமிர்த்தி வைத்திருக்கிறேன். பெடலில் டிஸ்டை முழுக்கக் குறைத்தேன். பாட்டை வாசிக்கவில்லை. சி, சி மைனர், சி, சி மைனர். இந்த இரண்டை மட்டும் திரும்பத் திரும்ப அடித்தேன். இரண்டாவது தந்தியில் விரல் 5இல் இருந்து 4க்கு வருவது காதில் விழுகிறதா? விழுகிறது. நொப்பை ஒரு மயிரிழை கூட்டு. விழுகிறதா? விழுகிறது. இன்னும் கொஞ்சம். இப்படியே போய், நொப்பின் கோடு கடிகார முள்ளைப் போல் பதினொன்றைத் தாண்டுகிற இடத்தில் இறக்கம் மங்கத் தொடங்கியது. பன்னிரண்டில் சி-யும் சி மைனரும் ஒரே இரைச்சலாகிவிட்டன. பத்துக்குத் திரும்பி வந்தேன். அங்கேதான் நின்றது. இரண்டு மாதமாக நான் அதை மூன்று மணியில் வைத்திருந்தேன்.

டிஸ்டைக் குறைத்ததும் ஒலி சிறுத்த மாதிரி ஒரு பயம் வரும். அதற்குத்தான் லெவல் நொப். அதை இரண்டு மணிக்குத் திருப்பினேன். பெடலை மிதித்தவுடன் சத்தம் ஒரு படி எழும்பவேண்டும், கரகரப்பு எழும்புவது போதாது. மெதுவான பகுதிக்கும் பல்லவிக்கும் இடையில் இருக்கிற உயரம்தான் இந்தப் பாட்டின் உயிர்.

டோன் நொப்போடு மல்லுக்கட்டியதுதான் கூட நேரம். டிஎஸ்-1இன் டோன் சுற்றில் இயல்பாகவே 500 ஹேர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம் உண்டு. தனியாக வாசிக்கும்போது அந்தப் பள்ளம் ஒலிக்கு ஒரு மினுக்கத்தைக் கொடுக்கும், ஆசையாக இருக்கும். ட்றம்ஸும் பேஸும் பாட்டும் சேர்ந்தவுடன் கிட்டார் காணாமல் போகும், ஏனென்றால் கிட்டாரின் உடம்பு இருப்பதே அந்த நடுப்பகுதியில்தான். பெடலை மாற்ற வழியில்லை. அம்ப்பின் மிடிலை மூன்று மணிக்குக் கூட்டிப் பள்ளத்தை ஓரளவு நிரப்பினேன். பேஸை ஒன்பதுக்கு இறக்கினேன். 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே இருப்பது கிண்ணியா அண்ணாவின் காணி. அங்கே எனக்கு வேலையில்லை.

பிறகு கை. பெரிய மாற்றம் வந்தது இதில்தான், அதற்கு ஒரு சதமும் செலவில்லை. பல்லவியில் ஆறு தந்தியையும் அடித்துக்கொண்டிருந்தவன், சி-யையும் சி மைனரையும் கீழ்நான்கு தந்திகளில் மட்டும் பிடித்தேன். 5, 5, 5, 3. அடுத்தது 5, 5, 4, 3. அடிச்சுரத்தைப் பேஸ் பார்த்துக்கொள்ளும். பெடலுக்குள் போகிற தடித்த தந்திகள் குறைந்ததும் சேறும் குறைந்தது. வலக்கையை அசைக்கும்போது இரண்டாவது தந்தியில் பிக் கொஞ்சம் அழுந்திப் போகட்டும் என்று பழக்கினேன். சின்னம்மா வீணை வாசிக்கிற தன் சிநேகிதியைப் பற்றிச் சொல்லும்போது "அவ மீட்டேக்கயே சுரத்துக்கு நிறம் குடுப்பா" என்பா. அதைக் கையால் விளங்கிக்கொள்ள எனக்கு இவ்வளவு காலம் எடுத்தது.

தொடக்கத்துத் தனிச் சுரங்களுக்குப் பிக்கப் சுவிட்சை நடுவில் வைக்கிறேன். என் கிட்டாரில் இரண்டு பிக்கப்பும் எதிரெதிராகச் சுற்றியவை. இரண்டும் சேரும்போது இரைச்சல் ஒன்றையொன்று அறுத்துவிடும். பல்லவிக்கு, தந்திகள் முடிகிற பிரிட்ஜுக்குக் கிட்ட இருக்கிற பிக்கப். அங்கே இரைச்சல் திரும்ப வரும், ஆனால் அந்தச் சத்தத்தில் கேட்காது.

முடக்கிய அடியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதை நான் பழகியது வேறொரு காலத்தில், வேறொரு காரணத்தால். 2022இல் நாடு முழுக்க மின்வெட்டு. மார்ச் கடைசியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரைக்கும் கறண்ட் இல்லை. அம்ப் இல்லாத எலக்ட்ரிக் கிட்டாரை மடியில் வைத்து, மெழுகுதிரி வெளிச்சத்தில் வாசித்துக்கொண்டிருந்தேன். அம்ப் இல்லாதபோது கை செய்கிற எல்லாம் பச்சையாகக் கேட்கும். இடக்கை விரல்களைத் தந்திகளுக்கு மேல் படுக்க வைத்து, அழுத்தாமல் தொட்டு, வலக்கையால் அடித்தால் 'டக்' என்று மரத்தில் தட்டிய மாதிரி ஒரு சத்தம் வரவேண்டும். ஒரு விரலால் மட்டும் தொட்டால், அது 5, 7, 12 ஆகிய ஃப்ரெட்டுகளுக்கு நேரே விழும்போது மணி மாதிரி ஒரு மேல்சுரம் கிளம்பிவிடும். அது இங்கே கூடாது. குறைந்தது இரண்டு மூன்று விரல் படுக்க வேண்டும். அடி மணிக்கட்டில் இருந்து வந்தால் போதாது, முழங்கையில் இருந்து வரவேண்டும். அந்த இருட்டு மாதங்களில் வேறு செய்ய ஒன்றுமில்லாமல் இதை ஆயிரக்கணக்கில் அடித்திருப்பேன்.

பெடல் போட்டு அடிக்கும்போதுதான் டிஸ்டைக் குறைத்ததன் முழுப் பலனும் தெரிந்தது. டிஸ்டோர்ஷன் கூடினால் மெல்லிய சத்தமும் பலத்த சத்தமும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். எவ்வளவு ஓங்கி அடித்தாலும் மேலே இடமிராது. பத்து மணியில் வைத்தபோது ஓங்கி அடித்தால் ஓங்கிக் கேட்டது. மற்றது, பெடலை மிதித்தவுடன் கிளம்புகிற 'ஸ்ஸ்' இரைச்சல் அடி விழப்போவதை முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துவிடும். அதற்காக மிதிக்கும்போது கிட்டாரின் வோலியூமைச் சின்னவிரலால் பூச்சியத்துக்கு உருட்டி, அடிக்கு முந்திய கணத்தில் திறக்கிறேன். டெலிகாஸ்டரில் அந்த நொப் பிக் பிடிக்கிற கைக்குப் பக்கத்திலேயே இருப்பது பெரிய வரம்.

இவ்வளவும் அறைக்குள். ஆனி மாதம், உப்புவெளிக் கடற்கரையில் ஒரு சனி இரவுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். சீசன் நேரம், கச்சான் காற்று பகல் முழுக்கச் சுடச் சுட வீசி, பின்னேரம்தான் கொஞ்சம் தணிந்தது. நான்கு மணிக்கே போய் மணலில் பலகை போட்டு, அம்ப்பை ஒரு சோடாப் பெட்டிக்கு மேல் ஏற்றினேன்.

பிளக்கைப் போட்டதும் 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல். வீட்டில் கேட்கிற இரைச்சலின் மூன்று மடங்கு. தந்தியில் கை வைத்தால் குறைகிறது, எடுத்தால் கூடுகிறது. ஏர்த் இல்லாதபோதும் அப்படி நடக்கும். அந்த நேரம் பார்த்துத் தங்கச்சி மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய், மற்றக் கையால் என் கிட்டாரைத் தொட்டுவிட்டா. உதட்டில் 'சுர்'. பின்னால் துள்ளி விழுந்தா. அடி பெரிதில்லை; ஆனால் அவவின் முகம் வெளுத்ததை நான் மறக்க மாட்டேன்.

சவுண்ட் செற் அண்ணா எல்லாவற்றையும் உடனே கழற்றச் சொன்னார். பகலில் கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுகிறவர், நாற்பது வருட அனுபவம். டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, அந்த வயர் றோலில் ஏர்த் கம்பியே இல்லை என்றார். யாரோ ஒருவர் மூன்றாவது ஊசியை வெட்டி, இரண்டு ஊசிப் பிளக் போட்டிருந்தார். மைக் ஒரு லைனில், என் அம்ப் வேறு லைனில். இரண்டுக்கும் நடுவில் பாடுகிறவளின் உதடு. அவர் குசினிப் பக்கத்தில் ஏர்த் உள்ள ஒரு சொக்கெட்டில் இருந்து புதிதாக லைன் இழுத்து, ட்ரிப் சுவிட்ச் விழுகிறதா என்று அமத்திப் பார்த்து, மிக்சரையும் அம்ப்பையும் ஒரே லைனில் கொடுத்தார். உறுமல் பாதிக்கு மேல் விழுந்துவிட்டது. கிட்டார் வாசிக்கிற தம்பிமார் இதை வாசித்தால் கேட்டுக்கொள்ளுங்கள்: இரைச்சலைக் குறைக்க என்று சொல்லி யாரும் ஏர்த் ஊசியை வெட்ட விடாதீர்கள். மேடைக்கு ஏறும்போது டெஸ்டர் ஒன்று சட்டைப் பையில் இருக்கட்டும்.

அடுத்த சிக்கல் ஒலி. அம்ப்பின் பின்பக்கத்து லைன் அவுட்டில் (ஸ்பீக்கரைத் தொடாமல் ஒலியை வயரில் வெளியே கொடுக்கிற துளை) இருந்து நேராக மிக்சருக்குக் கொடுத்தோம். பெரிய பெட்டிகளில் கேட்டபோது என் ஞாயிற்றுக்கிழமை உழைப்பு முழுக்கக் கரைந்துபோயிருந்தது. மேலே தேனீக்கூட்டம், கீழே வண்டில் உருளுகிற முழக்கம், நடுவில் ஒன்றுமில்லை. காரணம் பிறகு தெளிந்தது. கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹேர்ட்ஸுக்கு மேலே உள்ளதை அநேகமாக வெட்டிவிடும். சின்ன ஸ்பீக்கர் அடியிலும் அவ்வளவாக இறங்காது. நான் பழகிய ஒலிக்குள் அந்த எட்டு அங்குலக் கடதாசிக் கூம்பும் ஒரு பங்காளி. லைன் அவுட் அதைத் தாண்டிப் போய்விட்டது. அந்த 49.5 ஹேர்ட்ஸ் சேறு இப்போது பதினைந்து அங்குலப் பெட்டியில் தாராளமாகக் கேட்டது.

இன்னொன்று காதின் குணம். ஃப்ளெட்சர், மன்சன் என்கிற இருவர் 1933இலேயே அளந்து எழுதி வைத்தது: சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்கு அடியும் உச்சியும் குறைவாகக் கேட்கும், சத்தம் கூடும்போது அவை எழும்பி வரும். வீட்டில் மெதுவாக வைத்துச் சரிபார்த்த ட்ரெபிள் கடற்கரையில் காதைக் கிழித்தது இதனால்தான்.

சவுண்ட் அண்ணாவிடம் என் குறையைச் சொன்னேன். நுட்பமாக ஒன்றும் சொல்லவில்லை. "நாலாவது கோர்ட்டில ஒரு சுரம் இறங்கும், அது முன்னுக்கு இருக்கிற ஆக்களுக்குக் கேட்க வேணும்" என்றேன். அவர் தலையை ஆட்டினார். நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் நடுவில் சுரத்தைப் பிரித்துக் கேட்டுப் பழகியவருக்கு அது போதும்.

லைனைப் பிடுங்கிவிட்டு, பாட்டுக்கு வைத்திருந்த ஒரு மைக்கை அம்ப்பின் ஸ்பீக்கர் துணிக்கு இரண்டு விரல் தூரத்தில் நிறுத்தினார். கூம்பின் நடுவுக்கு நேரே வைத்தபோது கூர்மையாகக் கீறியது. ஒரு அங்குலம் ஓரத்துக்கு நகர்த்தினார், மென்மையாகியது. இன்னும் ஒரு அங்குலம் போனபோது மந்தம். திரும்பக் கொஞ்சம் உள்ளே. மிக்சரில் என் வரிசையில் இருக்கிற 'லோ கட்' பொத்தானை அமத்தினார், அடிமுழக்கம் வெட்டுப்பட்டது. நான் ட்ரெபிளை ஒரு மணி அளவுக்குக் குறைத்தேன். "இப்ப வாசியும்." சி, சி மைனர். அவர் மணலில் இருபது அடி நடந்துபோய் நின்று கேட்டுவிட்டு, கையை மட்டும் உயர்த்திக் காட்டினார்.

ஒன்பதரைக்குப் பாட்டு வந்தது. முன்னுக்குச் சில வெள்ளைக்காரர், பின்னால் எங்கள் ஆட்கள், சின்னப்பிள்ளைகள் மணலில் ஓடிக்கொண்டு. தங்கச்சி அந்தக் கெட்ட சொல் இல்லாத, வானொலிக்கென்று மாற்றிய வடிவத்தைத்தான் பாடினா. பேஸும் ட்றம்ஸும் வந்தன. நான் நடுப் பிக்கப்பில் ஒவ்வொரு சுரமாக. பல்லவிக்கு முன்னால் சின்னவிரலால் வோலியூமை உருட்டி, பெடலை மிதித்து, திறந்து, அடித்தேன். மச்சான் ட்றம்ஸுக்குப் பின்னால் இருந்து என்னைப் பார்த்துச் சிரித்தது தெரிந்தது. பல்லவியில் கோர்ட் விழுந்து, மூன்றாவது வந்து, நான்காவதுக்கு விரலை ஒரு ஃப்ரெட் பின்னால் எடுத்தபோது, கடற்கரை முழுக்க அந்த இறக்கத்தை நான் கேட்டேன். எனக்கு வயது முப்பத்தாறு. அப்போது அழுகை வந்தது, அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

பாட்டின் கடைசிப் பகுதியில் உயரத்தில் வேகமாக அடிக்கிற இடம் இன்னும் எனக்குச் சரிவரவில்லை. ஒற்றைக் கிட்டாரோடு அங்கே அடி வெறுமையாகிவிடுகிறது. பேஸ் அண்ணாவுக்கு அந்த இடத்தில் கொஞ்சம் டிஸ்டோர்ஷன் கொடுத்துப் பார்க்கலாமா என்று இப்போது முயன்றுகொண்டிருக்கிறோம்.

வீட்டுக்கு வர நடுச்சாமம் தாண்டிவிட்டது. சின்னம்மா விறாந்தை லைட்டைப் போட்டுக்கொண்டு இருந்தா. மதிலுக்கு அங்காலே இரண்டு மான்கள் வாழைத்தோல் தின்றுகொண்டு நின்றன. சிநேகிதன் ஒருவன் போனில் எடுத்த பதிவைப் போட்டுக் காட்டினேன். அந்தச் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் இல்லை, ட்றம்ஸ் தகரம் மாதிரி, அலைச் சத்தம் வேறு. முதல் தரம் பேசாமல் கேட்டா. "இன்னொருக்காப் போடு." இரண்டாம் தரம் தொடையில் தாளம் விழுந்தது. மூன்றாம் தரம் வாய்க்குள்ளே தன் ஐந்து கட்டையில் பாடத் தொடங்கினா: ப, த, த, த. கடைசி 'த'வுக்கு அவவின் சுட்டுவிரல் ஒரு நூலளவு கீழே வந்தது.

நான் கிட்டாரை உறையில் இருந்து எடுத்துத் துடைத்தேன். கடற்காற்று பட்ட இரவில் துடைக்காமல் வைத்தால், எங்கள் ஊரில் தந்தி ஒரு கிழமைகூடத் தாங்காது. தடித்த தந்திகளுக்காவது மேலே நிக்கல் சுற்று இருக்கிறது. மெல்லியவை வெறும் உருக்கு. துணியில் உப்பும் வியர்வையும் கறுப்பாக ஒட்டி வந்தன. இரண்டாவது தந்தியில் 4ஆம், 5ஆம் ஃப்ரெட்டுகளுக்கு நேரே இப்போதே துருப் பொட்டுகள் விழத் தொடங்கியிருந்தன.